அறிக்கை செய்தியாகுமா?

அமைச்சிலிருந்து ஓர் அறிக்கை வருகிறது. தலைப்பு மாற்றப்படுகிறது, இரண்டொரு வசனங்கள் வெட்டப்படுகின்றன, ‘எமது நிருபர்’ என்ற முத்திரை பொறிக்கப்படுகிறது. மறுநாட் காலை அது செய்தியாகி நம் வீட்டு வாயிலில் வந்து விழுகிறது. இதற்குப் பெயர் பத்திரிகைத் தொழிலாம்! இதனைச் செய்ய ஒரு தபாற்காரர் போதாதா என்று கேட்கிறோம்.

அறிக்கைகளைப் பிரசுரிக்கவே கூடாது என்பதன்று எமது வாதம். அமைச்சர் ஒன்றைச் சொன்னார் என்பதும் செய்தியே. ஆனால், அவர் சொன்னார் என்பது வேறு. சொன்னது உண்மை என்பது வேறு. இவ்விரண்டுக்கும் இடையே கிடக்கும் தூரத்தை நடந்து கடப்பவருக்கே பத்திரிகையாளர் என்னும் பெயர் பொருந்தும். அத்தூரத்தை நடக்க நம்மவரிற் பலர் இன்று ஆயத்தமாக இல்லை. இருந்த இடத்திலிருந்தே கைபேசியைப் பார்க்கின்றனர். வட்ஸ்அப் குழுவில் வந்து விழுந்ததை அள்ளுகின்றனர். கூகுளில் தேடி முதலில் வந்ததை எடுத்துக்கொண்டு, தேடல் முடிந்ததென எழுந்து போகின்றனர். செயற்கை நுண்ணறிவிடம் கேட்டு எழுதும் வழக்கமும் இப்பொழுது தலைகாட்டியுள்ளது. அது தங்குதடையின்றிப் பேசும், ஐயமில்லை. ஆனால் கச்சேரி அலமாரியில் தூசி படிந்து கிடக்கும் கோவையை அது எங்கே கண்டது?

திருகோணமலையை நாம் அதற்குள் மறந்துவிட்டோமா? 2006 ஜனவரி 2ஆம் நாள் அந்நகரின் கடற்கரையில் ஐந்து தமிழ் மாணவர்கள் கொல்லப்பட்டனர். அவர்கள் வைத்திருந்த கைக்குண்டே வெடித்து அவர்களைக் கொன்றதெனப் படைத்தரப்புக் கூறிற்று. அறிக்கையே செய்தி என்போரின் கொள்கைப்படி விடயம் அத்துடன் முடிந்திருக்க வேண்டும். ஆனால் ‘சுடர் ஒளி’யின் நிருபர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் அத்துடன் அமைந்தாரில்லை. உடல்கள் கிடந்த இடத்துக்குச் சென்றார்; படம் பிடித்தார். தலையில் துப்பாக்கிச் சூடு பட்ட காயங்களை அப்படங்கள் உலகுக்குக் காட்டின. கைக்குண்டுக் கதை அத்தோடு செத்தது. மூன்று வாரங்கள் கழிந்து, ஜனவரி 24ஆம் நாள் காலை, வேலைக்குப் புறப்பட்டு பஸ்ஸுக்காகக் காத்து நின்ற சுகிர்தராஜன் சுட்டுக் கொல்லப்பட்டார்.

மாணவர் கொலை தொடர்பாகக் கைதாகியிருந்த, விசேட அதிரடிப்படையினர் உள்ளிட்ட 13 பேரும் 2019இல் விடுவிக்கப்பட்டனர். நீதிமன்றத்தில் நீதி கிட்டவில்லை. எனினும், அந்தப் பிள்ளைகள் தம் குண்டினாலேயே மாண்டனர் என்று இன்று எழுதத் துணிபவர் எவருமிலர். ஓர் அறிக்கையை நம்ப மறுத்த ஒரு தனி மனிதர் விட்டுச்சென்றது அது.

“உண்மையைத் தேடினால் உயிர் போகும் நாட்டில் எவர் தேடுவார்?” எனச் சிலர் வினவுவர். அந்த அச்சத்தை நாம் எள்ளவில்லை. யாழ்ப்பாணத்தில் நிமலராஜன் 2000இலும், கொழும்பில் சிவராம் 2005இலும், லசந்த விக்கிரமதுங்க 2009இலும் கொல்லப்பட்டதை அறிந்த எவரும் அதனை எள்ளார். ஆனால் பத்திரிகையாளர் தேட வேண்டிய உண்மைகளுட் பெரும்பகுதி துப்பாக்கி முனையில் இல்லை. அச்சிடப்பட்ட தாள்களில், எவரும் வாசிக்காமற் கிடக்கிறது. அதை வாசிக்காமைக்கும் அச்சமா காரணம்?

அமெரிக்காவில் ஐ. எவ். ஸ்டோன் என்றொருவர் இருந்தார். வேலை பார்த்த பத்திரிகை மூடப்பட்டபின், 1953இல் தமது பெயரிலேயே சிறியதொரு வார ஏட்டைத் தொடங்கி 1971 வரை நடத்தினார். செவிப்புலன் குன்றியவர். அமைச்சர்களின் விருந்துகளில் காதோடு காதாகச் செய்தி பெறும் கூட்டத்தில் அவர் சேர்ந்தவரல்லர்; கூட்டக் குறிப்புகளையும் அரசாங்க அறிக்கைகளையும் பத்திரிகைகளின் மூலைமுடுக்குகளையும் வாசிப்பதே அவர் தொழில்.

1957 செப்ரெம்பர் 19இல் நெவாடாப் பாலைவனத்தில் அமெரிக்கா நிலத்தடியில் ஓர் அணுகுண்டை வெடித்துப் பார்த்தது. ரொறன்ரோவிலும் உரோமிலும் ரோக்கியோவிலும் அதன் அதிர்வு பதிவானதாகச் சின்னஞ்சிறு செய்திகள் ‘நியூயோர்க் ரைம்ஸ்’ பத்திரிகையின் ஓர் ஓரத்தில் வந்தன. ஸ்டோன் அவற்றைப் பத்திரப்படுத்தி வைத்தார். மறு ஆண்டு அணுசக்தி ஆணைக்குழு, அவ்வெடிப்பு 200 மைலுக்கு அப்பால் அறியப்படவேயில்லை என்று அறிவித்தது. அணுகுண்டுச் சோதனைகளைத் தடைசெய்வது பற்றி வல்லரசுகள் பேசிக்கொண்டிருந்த வேளை அது. 200 மைல் என்பது நிலைத்திருந்தால், இரகசியச் சோதனைகளைக் கண்டுபிடிக்க இயலாது, ஆதலால் தடையும் வீண் என்போரின் கை ஓங்கியிருக்கும். ஸ்டோன் பழைய செய்தித் துண்டுகளை எடுத்தார். நிலநடுக்கங்களைப் பதிவு செய்யும் அரசாங்கத் திணைக்களத்துக்குச் சென்று வினவினார். ஏறத்தாழ 2,300 மைல் தொலைவில், அலாஸ்காவிலும் அதிர்வு பதிவாகியிருந்தது! ஆணைக்குழு தன் கூற்றைத் திருத்திக்கொள்ள நேர்ந்தது. இரகசியம் எதுவும் களவாடப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். ஓர் அரச திணைக்களத்தின் பதிவேடே மற்றோர் அரச நிறுவனத்தைப் பொய்யாக்கிற்று.

இத்தகைய பதிவேடுகள் எமது நாட்டில் இல்லையா? பாராளுமன்றத்திற் பேசப்பட்டது ஹன்சார்ட்டில் இருக்கிறது. அமைச்சர்கள் கேள்விகளுக்கு அளித்த விடைகளும் அட்டவணைகளும் அதிலேயே உண்டு. கணக்காய்வாளர் நாயகம் நிதியாண்டு முடிந்து பத்து மாதங்களுக்குள் பாராளுமன்றத்துக்கு அறிக்கையிட வேண்டுமென அரசியலமைப்பு விதிக்கிறது. எந்தச் சபை எந்தப் பணத்தை எப்படி வீணாக்கியது என்பதை அரசாங்கத்தின் கணக்காளரே எழுதி வைத்திருக்கிறார். அதைப் புரட்டிய நிருபர்கள் எத்தனை பேர்?

வர்த்தமானியின் கதையோ இன்னும் கொடியது. 2025 மார்ச் 28இல் ஒரு வர்த்தமானி அறிவித்தல் வெளிவந்தது. வட மாகாணத்தில் 5,900க்கும் மேற்பட்ட ஏக்கர் காணிக்கு, மூன்று மாதங்களுக்குள் எவரும் உரிமை கோராவிடின் அது அரச காணியாகும் என்பது அதன் சாரம். போரில் உறுதிகளை இழந்தவர்களும் கடல் கடந்து போனவர்களும் மூன்று மாதங்களில் எங்ஙனம் வந்து உரிமை கோருவர்? எதிர்ப்பு வலுத்தபின் அரசாங்கம் பின்வாங்கியது மெய்யே. ஆனால் வர்த்தமானி வந்தது மார்ச்சில். எதிர்ப்பு ஓங்கியது மே மாதத்தில். மூன்று மாதத் தவணையில் இடையே கழிந்த வாரங்கள் யாருடையவை? வர்த்தமானி வரும் நாளிலேயே அதனை ஒரு பத்திரிகையாளர் வரி வரியாக வாசிப்பதென்பது அவ்வளவு பெரிய தவமா?

அச்சில் இல்லாததைக் கேட்டுப் பெறவும் வழியுண்டு. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் உள்ளது. பிரசை எவரும் கேட்கலாம். எதற்காகக் கேட்கிறேன் என்று காரணங் கூற வேண்டியதில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு உண்டு. அதற்கும் மேல் ஆணைக்குழு உண்டு. தேசிய பாதுகாப்பு என்னும் கேடயத்தைத் தூக்குவர் என்பது தெரிந்ததே. ஆனால் பொதுநலன் மேலோங்குமிடத்து அக்கேடயமும் பயன்படாதென அச்சட்டமே கூறுகிறது.

தென்னிலங்கைப் பத்திரிகையாளர் ஒருவர் இதனை எவ்வாறு பயன்படுத்தினார் தெரியுமா? சொத்து விபரத்தை ஒப்படைத்த பாராளுமன்ற உறுப்பினர்கள் யாவர் என 2018இல் கேட்டார். மறுத்தனர். 2021இல் ஆணைக்குழு கொடுக்கும்படி கட்டளையிட்டது. பாராளுமன்றத் தரப்பு நீதிமன்றம் ஏறிற்று. 2023இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் ஆணைக்குழுவின் கட்டளையை உறுதி செய்தது. ஒரு பெயர்ப் பட்டியலுக்காக ஐந்தாண்டுப் போர்! அந்தப் பிடிவாதத்தையே நாம் தமிழ்ப் பத்திரிகை உலகிடம் எதிர்பார்க்கிறோம். எமது மண்ணிற் கேட்பதற்குக் கேள்விகளா இல்லை? படையினர் வசமுள்ள காணி ஒவ்வொரு கிராம சேவையாளர் பிரிவிலும் எத்தனை ஏக்கர்? விடுவித்ததாகச் சொல்லப்பட்டதில் உரியவர் கைக்குச் சேர்ந்தது எவ்வளவு? தமிழ்ப் பிரதேசப் பொலிஸ் நிலையங்களில் தமிழில் முறைப்பாடு எழுதக்கூடியவர் எத்தனை பேர்? தமிழிற் கேட்டால் சிங்களத்தில் விடை வருகிறது என்பர் சிலர். 1987இன் 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் அரச கரும மொழி அல்லவா? அந்த விடையையே முதற் பக்கத்தில் அச்சிடுங்கள், அதுவும் செய்திதான்.

இத்தனையையும் நிருபரின் தலையிற் சுமத்துவது நியாயமன்று. பிரதேச நிருபர் பலருக்கு மாதச் சம்பளமே கிடையாது. வந்த செய்திக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுக்கின்றனர். ஒரு கோவையைத் தேடி மூன்று மாதம் அலைபவருக்கு ஒரு சதமும் இல்லை. நாளுக்கு நான்கு அறிக்கைகளைப் பிரதி பண்ணுபவருக்கு நான்கு கூலி! இந்தக் கணக்கை வகுத்தவர் நிருபர் அல்லர். பத்திரிகை முதலாளிமாரே, இதற்கு விடை சொல்ல வேண்டியவர் நீங்கள். வர்த்தமானியும் ஹன்சார்ட்டும் கணக்காய்வு அறிக்கையும் வாசிப்பதற்கென்று ஒருவரை நியமியுங்கள். எவ்வலுவலகத்திடம் எந்நாளில் என்ன கேட்டோம், என்ன விடை வந்தது என்பதற்கு ஓர் ஏடு திறவுங்கள். தகவல் அறியும் விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. முத்திரைச் செலவையேனும் பொறுத்துக்கொள்வீர்களா?