மிதித்ததும் தயங்கும் டிரக்

1970களின் அமெரிக்க பிக்கப் டிரக்குகள் ஆக்ஸிலரேட்டரை அழுத்திய கணத்தில் ஒரு நொடி தயங்கிப் பின்பே பாய்வதைக் கண்டு, காற்றையும் பெட்ரோலையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்புரேட்டரையே மாற்றிவிடுவோர் இன்றும் உளர். இது பெரும்பாலும் வீண் செலவு. திராட்டில் எனப்படும் காற்றுத் தகடு சட்டெனத் திறக்கையில் காற்று உடனே உட்புக, அதைவிடக் கனமான பெட்ரோல் பின்தங்குவதால், எடையில் 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்னும் முழு எரிப்புக்குரிய விகிதம் குலைகிறது. அந்த இடைவெளியை நிரப்பவே ஆக்ஸிலரேட்டர் பம்ப் என்னும் சிறு பீச்சுகருவி அமைந்துள்ளது. ஹோலி நிறுவன வகைக் கார்புரேட்டரில் அதன் டயாஃப்ரம், அதாவது பெட்ரோலைத் தள்ளும் ரப்பர் சவ்வு, விறைத்திருக்கலாம், அல்லது அதை இயக்கும் நெம்புகோலில் தளர்ச்சி விழுந்திருக்கலாம். எஞ்சினை அணைத்துவிட்டுத் திராட்டிலை அசைத்தால் பெட்ரோல் தாமதமின்றிப் பீச்ச வேண்டும். அதைப் பாராமல் எஞ்சினின் வெற்றோட்டத்தைச் சீர்செய்யும் ஐடில் திருகையே திருகிக்கொண்டிருப்பது (சிலருக்கு அதுவே பொழுதுபோக்கு போலும்) மிதிக்கும் கணத்துத் தயக்கத்தைத் தீர்ப்பது அரிது.