எஞ்சினைத் தின்னும் மலிவு பில்டர்!

சில நூறு ரூபாய் சாமான். அதில் காசு மிச்சம் பிடிக்கப் போய் லட்ச ரூபாய் எஞ்சினைப் பறிகொடுப்பது புத்திசாலித்தனமா?

புதுச்சேரி சாரம் வட்டாரத்து லாரிக்காரர்கள் இந்தக் கேள்வியை ஒரு தடவை தங்களைத் தாங்களே கேட்டுக்கொள்ள வேண்டும். லாரிக்காரர்கள் மட்டுமல்ல, அவர்களுக்கு ஆயில் பில்டர் விற்கும் கடைக்காரர்களும்தான்.

சென்னை, திண்டிவனம், விழுப்புரம், கடலூர் என்று நாலா பக்கமும் போகிற சரக்கு லாரிகள் புதுச்சேரிக்கு வந்து போகின்றன. தமிழ்நாட்டைவிட இங்கே டீசல் விலை குறைவு என்பதால் டாங்கை நிரப்பிக்கொண்டு போகிற வண்டிகளும் உண்டு. மேட்டுப்பாளையம் லாரி முனையத்தில் நிற்கும் வண்டிகளைப் பார்த்தாலே தெரியும். பல வண்டிகள் நாலு லட்சம், ஐந்து லட்சம் கிலோ மீட்டர் ஓடிக் களைத்தவை.

இப்படிப்பட்ட வண்டிக்குப் பில்டர் வாங்கப் போனால் காதில் விழுகிற முதல் யோசனை என்ன?

"பழைய எஞ்சின்தானே அண்ணே! இதுக்கு எதுக்கு ஒரிஜினல்? இதையே மாட்டுங்க, ஓடும்!"

ஓடும். எத்தனை நாள் ஓடும் என்பதுதான் கேள்வி.

கிழட்டு எஞ்சினுக்குத்தான் நல்ல பில்டர்!

புது எஞ்சின் சிறு குற்றத்தைப் பொறுத்துக்கொள்ளும். பழைய எஞ்சின் பொறுக்காது. பிஸ்டன் ரிங் தேய்ந்துபோன எஞ்சினில் புகை கீழே இறங்கி ஆயிலில் கலக்கிறது. கரி சேர்ந்து ஆயில் கெட்டியாகிறது. பேரிங் தேய்ந்த வண்டியில் ஆயில் பிரஷரும் குறைந்துதான் இருக்கும். ஆக, பில்டருக்கு வேலை இரட்டிப்பு!

மனிதனின் தலைமுடி சுமார் 70 மைக்ரான் கனம். எஞ்சின் சுமை இழுக்கும்போது கிராங்குக்கும் பேரிங்குக்கும் நடுவே நின்று காப்பாற்றுகிற ஆயில் படலமோ சில மைக்ரான்தான். அதில் ஒரு மணல் துகளோ இரும்புத் தூளோ புகுந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரிதான்.

இதைத் தடுக்கத்தான் 1923-ம் ஆண்டிலேயே அமெரிக்காவில் ஸ்வீட்லாண்ட் என்பவர் மோட்டார் வண்டிக்கு ஆயில் பில்டர் செய்தார். நூறு வருஷம் கழித்தும் நம் ஊரில் அது "ஏதோ ஒரு டப்பா" என்ற நினைப்பு போகவில்லை.

டப்பாவுக்குள் என்ன இருக்கிறது?

வெளியே பார்த்தால் நல்லதும் போலியும் ஒன்றுபோலத்தான் இருக்கும். வித்தியாசம் உள்ளே.

நல்ல பில்டரில் மடிப்பு மடிப்பாகத் தாள் நெருக்கமாக இருக்கும். மடிப்பு அதிகமானால் அழுக்கைத் தாங்கும் சக்தியும் அதிகம். போலியில் மடிப்பு குறைவு. தாள் மட்டம். பசை விட்டுப்போனால் அழுக்கு ஆயில் அப்படியே பக்கவாட்டில் ஓடிவிடும்.

இரண்டாவது, பைபாஸ் வால்வு. தாள் அடைத்துக்கொண்டால், "அழுக்கோ சுத்தமோ, எஞ்சினுக்கு ஆயில் போகட்டும்" என்று வழி விடுவது இதுதான். இதன் ஸ்பிரிங் சரியில்லை என்றால் இரண்டு விதத்திலும் ஆபத்து. முன்னாடியே திறந்தால் வடிகட்டாத ஆயில் போகும். திறக்கவே இல்லை என்றால் ஆயிலே போகாது. எஞ்சின் சீஸ்!

மூன்றாவது, வண்டியை நிறுத்தியதும் பில்டரில் உள்ள ஆயில் வடிந்து போகாமல் பிடித்துவைக்கும் ரப்பர் வால்வு. இது வேண்டிய எஞ்சினில் இது இல்லாவிட்டால், விடியற்காலை ஸ்டார்ட் செய்கிற முதல் சில விநாடி பேரிங் காய்ந்தபடி சுற்றும்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியது

மரை பொருந்தினால் பில்டர் பொருந்தியது என்று நினைப்பது பெரிய தவறு. ஒரே மரையில் பல பில்டர்கள் உண்டு. வால்வின் அளவு வேறு, தாள் வேறு. 2020 ஏப்ரல் முதல் விற்பனைக்கு வந்த பி.எஸ். 6 லாரிகளும் பழைய லாரிகளும் ஒரே பட்டறைக்குத்தான் வருகின்றன. வண்டிப் புத்தகத்தில் உள்ள பார்ட் நம்பரைச் சொல்லித்தான் கேட்க வேண்டும்.

"ரொம்ப நைசா வடிகட்டும்" என்று சொல்லி விற்கும் பில்டரிலும் ஏமாறக்கூடாது. கரி நிறைந்த பழைய எஞ்சினில் அது சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். கம்பெனி சொன்ன அளவே போதும். கிலோ மீட்டர் ஏறிய வண்டிக்குக் கெடு தேதிக்கு முன்னாலேயே மாற்றுவது நல்லது.

ஆயில் கறுத்துவிட்டது என்று பில்டரைத் திட்டுவதும் சரியல்ல. டீசல் கரி ஒரு மைக்ரானைவிடப் பொடியானது. எந்தத் தாளிலும் தப்பிவிடும். பேப்பர் பில்டரை டீசலில் அலசி மறுபடி மாட்டுவது அதைவிடக் கெடுதல்.

கழற்றிய பில்டரை அறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். தாள் மடிப்பில் பளபளவென்று செம்பு நிறத் தூள் தெரிந்தால், பேரிங் போய்க்கொண்டிருக்கிறது என்று எஞ்சின் எழுதிய கடிதம் அது! பார்த்து முடித்ததும் டப்பாவை நசுக்கி, அட்டைப் பெட்டியையும் கிழித்துப் போட வேண்டும். முழுசாக விட்டால் அதே டப்பா பெயிண்ட் பூசிக்கொண்டு கடைக்குத் திரும்பி வரும்.

லாரிக்காரர் கவலை மட்டுமா?

"லாரி எஞ்சின் போனால் எனக்கென்ன?" என்று ஆபீஸ் போகிறவர் கேட்கலாம். அவர் ஏறுகிற பஸ்ஸிலும் டீசல் எஞ்சின்தான் ஓடுகிறது. ராத்திரி நேரத்தில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் எஞ்சின் நின்றுபோய், பின்விளக்கு இல்லாமல் நிற்கிற லாரி எத்தனை பேருக்கு எமன்! காய்கறி லாரி வழியில் நின்றால் காலையில் மார்க்கெட்டில் விலை ஏறும்.

ஒரே ஒரு லாரியைக் கடனில் வாங்கி, தானே ஓட்டிப் பிழைக்கிறவர் நிலைமை இன்னும் மோசம். எஞ்சின் வேலை ஒரு லட்சத்தைத் தாண்டும். வண்டி ஷெட்டில் கிடந்தாலும் தவணைக்காரர் நிற்கமாட்டார்.

அதிகாரிகள் என்ன செய்ய வேண்டும்?

எப்.சி.க்குப் போனால் பிரேக் பார்க்கிறார்கள், விளக்கு பார்க்கிறார்கள், புகை பார்க்கிறார்கள். பில்டர் அசலா போலியா என்று பார்ப்பார் இல்லை. ஆகவே கடையிலேயே தடுக்க வேண்டும்.

சட்டம் இல்லாமல் இல்லை. 1999-ம் ஆண்டு வணிக முத்திரைச் சட்டப்படி போலி முத்திரை குத்தினாலும், அந்தச் சரக்கை விற்றாலும் 6 மாதம் முதல் 3 வருஷம் வரை ஜெயில். 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். பெட்டியில் தயாரித்தவர் பெயர், விலாசம், மாதம், வருஷம், அதிகபட்ச விலை எல்லாம் இருக்க வேண்டும் என்று 2011-ம் ஆண்டு விதியும் இருக்கிறது.

போலீசும் எடையளவுத் துறையும் சேர்ந்து திடீர் சோதனை நடத்தினால் போலிச் சரக்கு வெளியே வரும். வெறும் கடைக்காரரைப் பிடித்து அபராதம் போட்டால் போதாது. அச்சடிக்கிறவனையும் சப்ளை செய்கிறவனையும் பிடிக்க வேண்டும்.

நாணயமான கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. சரக்கு வாங்கும்போது பில் வாங்கிப் பத்திரமாக வையுங்கள். தெரியாமல் வாங்கியதாகச் சொன்னால், யாரிடம் வாங்கினீர்கள் என்று சட்டம் கேட்கும். அன்று உங்களைக் காப்பாற்றப் போவது அந்தப் பில்தான்.

லாரிக்காரர்களும் பில் இல்லாமல் வாங்கக்கூடாது. பில் இருந்தால் நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். பில் இல்லாவிட்டால், வெந்துபோன எஞ்சினைக் காட்டி யாரிடம் நியாயம் கேட்பது?

அதிகாரிகள் உடனே கவனிப்பார்களா?