களைத்துப்போகும் கணையம்

சர்க்கரை நோய் எப்போது வந்தது என்று எவரை வினவினாலும், இரத்தம் சோதித்த நாளையே கூறுகின்றனர். "போன ஆடியில் வந்தது" என்பார் ஒருவர். "மகள் திருமணத்தன்று மயங்கி விழுந்தேனே, அன்று வந்தது" என்பார் மற்றொருவர். உண்மையில் அந்நாளில் நோய் வரவில்லை, வெளிப்பட்டது. அதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே, இரைப்பையின் பின்புறம் மறைந்து கிடக்கும் கணையத்தில் சில நுண்ணிய உயிரணுக்கள் அளவுக்கு மீறி உழைத்து, களைத்து, ஓயத் தொடங்கிவிட்டன. பிரிட்டனில் 1977 முதல் 1997 வரை நடந்த பேராய்வொன்றின் கணக்குப்படி, நோய் கண்டறியப்பெறும் நாளிலேயே அவ்வணுக்களின் ஆற்றலில் ஏறக்குறையப் பாதி குன்றிவிடுகின்றது.

கணையத்தில் ஆங்காங்கே தீவுகள்போல் உயிரணுத் திட்டுகள் இருப்பதை 1869-இல் பால் லாங்கர்ஹான்ஸ் என்னும் ஜெர்மானிய மாணவர் கண்டு எழுதினார். அத்திட்டுகளிலுள்ள 'பீட்டா' அணுக்களே இன்சுலினைச் செய்கின்றன.

அவற்றின் உழைப்பு எத்தகையது? தங்கவயலில் பிறந்தோர்க்கு இதை விளக்குவது எளிது. சுரங்கத்தின் அடியிலிருந்து பொன் கட்டியாக மேலே வந்ததில்லை, கல்லாகவே வந்தது. மில்லில் இடித்து, அரைத்து, பிரித்த பின்னரே பொன் கிடைத்தது. இன்சுலினும் முதலில் ஒரு நீண்ட புரதச் சரமாகவே உருவாகின்றது. எண்டோபிளாஸ்மிக் ரெட்டிக்குலம் என்னும் சவ்வுப் பட்டறை ஒன்று அணுவுக்குள் உண்டு. சரம் அதனுள் புகுந்து, உரிய இடங்களில் மடிந்து, மூன்று கந்தகப் பிணைப்புகளால் இறுக்கப்பெற வேண்டும். பின்னர் நடுத்துண்டு நறுக்கப்பட்டு, 51 அமினோ அமிலங்கள் கொண்ட இன்சுலின் ஆகும். தேவை மிகும்போது ஒரே பீட்டா அணு நிமிடத்துக்குப் பத்து இலட்சம் மூலக்கூறுகள் வரை செய்வதாகக் கணக்கிட்டுள்ளனர். மடிப்புத் தவறிய சரம் பயனற்றது. தேங்கினால் பட்டறையையே அடைத்துக்கொள்ளும்.

இத்தேக்கமே அணுவின் நெருக்கடி. அது நேர்ந்ததும் பட்டறையின் சுவரிலுள்ள மூன்று காவற்புரதங்கள் உணர்ந்து அறிவிக்கின்றன. புதுச் சரங்களின் வரவு குறைக்கப்படுகின்றது. மடித்துத் தரும் துணைப்புரதங்கள் பெருக்கப்படுகின்றன. கெட்ட சரங்கள் அப்புறப்படுத்தப்படுகின்றன. மில்லில் கல் குவிந்துவிட்டால், வரத்தை நிறுத்தச் சொல்லி மேற்பார்வையாளர் ஆளனுப்புவதைப் போன்ற ஏற்பாடு இது. இதனை வெளிப்படுத்தியமைக்காகப் பீட்டர் வால்ட்டர், கசுடோஷி மோரி ஆகிய இருவரும் 2014-இல் லாஸ்கர் பரிசு பெற்றனர். நெருக்கடி விரைவில் தீர்ந்தால் அணு பிழைத்துக்கொள்ளும். ஆண்டுக்கணக்கில் நீடித்தாலோ, அதே காவல் ஏற்பாடு அணுவைத் தன்னைத்தானே மாய்த்துக்கொள்ளச் செய்கின்றது.

வரவை நிறுத்தும் காவல் எவ்வளவு இன்றியமையாதது என்பதற்குத் துயரமான சான்று ஒன்றுண்டு. 'பெர்க்' எனப்படும் காவற்புரதம் பிறவியிலேயே பழுதுற்ற குழந்தைகள் சிலர் உளர். மிக அரிய நோய் அது. கைக்குழந்தைப் பருவத்திலேயே அவர்களுக்கு நீரிழிவு தோன்றிவிடுகின்றது. 2000-ஆம் ஆண்டில்தான் காரணம் புலனாயிற்று. இனிப்புத் தின்று நோய் பெற்றவர்களல்லர் அவர்கள். "நிறுத்து" என்று சொல்ல ஆளில்லாத மில் அவர்களுடையது.

நம் வீடுகளுக்கு வருவோம். நம்மவர்க்குக் காவல் உண்டு, சுமைதான் மிகுதி. தென்னாசியர் மெலிந்த உடலினராயினும் வயிற்றில் கொழுப்புச் சேரும் இயல்பினர். அக்கொழுப்பு இன்சுலினின் வேலையைத் தடுப்பதால், கணையம் மேலும் மேலும் செய்ய வேண்டியதாகின்றது. பரம்பரையில் இருப்பும் குறைவாயின் அது விரைவில் தளரும். நம் பாட்டனார் நிலத்துக்கடியில் வெப்பத்தில் வெந்து உழைத்தனர். உண்ட களி அவ்வேலையிலேயே கரைந்தது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கங்கள் மூடப்பெற்றன. பேரர்கள் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூர் சென்று, பலர் நாற்காலியில் அமர்ந்து பணி செய்து, இரவில் திரும்பி, அன்றைய பெரும் உணவை அப்போதே உண்டு உறங்குகின்றனர். களியுருண்டையின் அளவு மட்டும் பாட்டனார் காலத்தது! கேழ்வரகு சர்க்கரைக்கு மருந்து என்று சொல்லி இரண்டு உருண்டை கேட்போரும் உளர். அதில் நாரும் சுண்ணாம்புச் சத்தும் உண்டு என்பது மெய். மாவுப்பொருளே அதில் மிகுதி என்பதும் மெய்.

சுமையை இறக்கினால் பயனுண்டா? உண்டு என்பதற்குச் சான்று சென்னையிலேயே இருக்கின்றது. நோய் இன்னும் வராத, ஆனால் சர்க்கரை ஏறத் தொடங்கிய 531 பேரை வைத்து டாக்டர் அ. இராமச்சந்திரன் குழுவினர் நடத்திய ஆய்வு 2006-இல் வெளிவந்தது. வழக்கம்போல் விடப்பட்டவர்களில் மூன்றாண்டுகளில் 55 விழுக்காட்டினர் நீரிழிவுக்கு ஆளாயினர். உணவைத் திருத்தி, நாள்தோறும் நடந்தவர்களில் ஆளானோர் 39 விழுக்காட்டினரே. இவர்களுடைய எடை பெரிதாகக் குறையவுமில்லை என்பது கருதத்தக்கது. எடைக்கருவி முள் அசையவில்லையென்று நடையை நிறுத்திவிடும் அன்பர்கள் இதனை நினைவிற்கொள்வாராக.

இன்சுலின் ஊசியைப் பற்றியும் கூறவேண்டும். "ஊசிக்கு வந்துவிட்டால் முடிந்தது" என்ற அச்சம் நம் லைன்களில் ஆழமாக வேரூன்றியுள்ளது. மாமியாருக்குத் தெரியாமல் ஊசி போட்டுக்கொள்ளும் மருமகளும், மகனுக்குத் தெரியாமல் நிறுத்திவிடும் தாயாரும் இங்கு உண்டு. வெளியிலிருந்து இன்சுலின் வந்தால், உள்ளே செய்யும் அணுவின் சுமை குறைகின்றது. சீனாவில் புதிதாக நோய் கண்டவர்களுக்குச் சில வாரங்கள் மட்டும் ஊசியால் சர்க்கரையைச் சீராக்கி, பின்னர் நிறுத்திப் பார்த்தனர். ஓராண்டு கழித்தும் ஏறக்குறையப் பாதிப் பேர் மருந்தின்றிச் சீராயிருந்தனர். மாத்திரையால் சீராக்கப்பெற்றவரில் அவ்வாறிருந்தோர் கால்பங்கினரே. 2008-இல் வெளிவந்த செய்தி இது. எவருக்கு, எப்போது, எவ்வளவு என்பதை மருத்துவரே முடிவு செய்வார். தாமாகத் தொடங்குவதும் தாமாக நிறுத்துவதும் ஆபத்து.

பெற்றோரில் ஒருவருக்கேனும் இந்நோய் இருப்பின், முப்பது வயதிலேயே சோதித்துக்கொள்வது நலம். இரவுணவுக்குப்பின் எட்டு மணி நேரமாவது தண்ணீர் தவிர வேறெதுவும் கொள்ளாமல், காலையில் இரத்தம் கொடுக்க வேண்டும். 100-க்குக் கீழ் இருந்தால் இயல்பு. 126-ஐ எட்டினால் நோய். மறுநாள் மீண்டும் சோதித்து உறுதி செய்வர். இடைப்பட்ட எண் வந்தால், "நோயில்லை" என்று மகிழ்ந்து தாளை மடித்து வைத்துவிடாமல் மருத்துவரிடம் காட்டுக. சென்னை ஆய்வில் பங்குகொண்டவரும் இந்த நோய்க்கு முந்திய நிலையினரே.

நீரிழிவுடையோர் பாதங்களைப் பேணும் முறையை அடுத்த திங்கள் எழுதுவோம்.