600 மில்லிகிராமும் ஒரு வாளித் தண்ணீரும்

கோலார் தங்கவயலின் தமிழ் வீடுகளில் தண்ணீருக்கு இரண்டு பெயர்கள் உண்டு. குடிக்கவும் சமைக்கவும் உரியது 'நல்ல தண்ணீர்'. அது பெரும்பாலும் கேனில் காசுக்கு வருகிறது. துவைக்கவும் குளிக்கவும் பாத்திரம் கழுவவும் உரியது 'உப்புத் தண்ணீர்'; அது ஆழ்துளைக் கிணற்றிலிருந்து குழாய் வழியே வருகிறது. வேதியியல் படித்தவர் இப்பெயரைத் திருத்த முற்படலாம். அது உவர்நீர் அன்று, கால்சியமும் மக்னீசியமும் மிகுந்த கடின நீர் என்பார். திருத்தம் சரியே. ஆயினும் அப்பெயர்களில் உள்ள தீர்ப்பைக் கவனிக்க வேண்டும்: குழாயில் வருவது நல்லதன்று என்று ஊர் முடிவு செய்துவிட்டது. நீர்த்தர ஆய்வுகளோ அதே நீரை 'அனுமதிக்கத்தக்க வரம்புக்குள் உள்ளது' என்ற ஒரே வரியில் கடந்து செல்கின்றன.

அந்த வரம்பு எது? குடிநீருக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 10500, மொத்தக் கடினத்தன்மைக்கு இரண்டு எண்களைத் தருகிறது. ஏற்கத்தக்கது லிட்டருக்கு 200 மில்லிகிராம். மாற்று நீராதாரம் இல்லாதபோது மட்டும் பொறுத்துக்கொள்ளத்தக்கது 600. நடைமுறைப்படுத்த வேண்டியது முதல் எண்ணையே என்று தரநிலையின் குறிப்பு கூறுகிறது. இரண்டாவது எண் நெருக்கடிக்கான விலக்கு. அந்த விலக்கே இன்று இலக்காகிவிட்டது. எத்தனையோ ஆய்வேடுகளின் அட்டவணைகளில் 200 என்பது ஒரு நிரலாக மட்டும் நிற்கிறது. முடிவுரை 600-ஐக் கொண்டே எழுதப்படுகிறது. 'மாற்று நீராதாரம் இல்லை' என்பதை யார் நிறுவினார், எப்போது நிறுவினார் என்ற கேள்வி எழுவதே இல்லை.

600 என்பது ஒரு வீட்டில் என்ன செய்யும் என்பதைப் பள்ளி வேதியியலே கணக்கிட்டுச் சொல்லும். கடின நீரில் சோப்பு முதலில் நுரைப்பதில்லை. கால்சியத்தோடு சேர்ந்து, கரையாத வெள்ளைப் பிசுக்காகிறது. அத்தகைய நீர் 15 லிட்டர் கொண்ட ஒரு வாளியில், கால்சியம் முழுவதும் தீர்வதற்கே சுமார் 55 கிராம் தூய சோப்பு வீணாகும். அழுக்கு நீங்குவது அதன் பிறகுதான். 200 அளவில் இவ்விழப்பு சுமார் 18 கிராம். நாளொன்றுக்கு 300 லிட்டர் புழங்கும் ஒரு குடும்பத்தின் குழாய் வழியே, 600 அளவில், ஓராண்டில் கடந்து செல்லும் கடினத்தன்மை ஏறத்தாழ 65 கிலோ சுண்ணாம்புக்கல்லுக்கு இணையானது. அதில் பெரும்பகுதி சாக்கடைக்குப் போகும். எஞ்சியது இட்லிப் பானையின் அடியிலும் குழாயின் வாயிலும் கீசரின் கம்பிச்சுருளிலும் படியும். படிவு ஏறிய கம்பியிலிருந்து வெப்பம் நீருக்கு எளிதில் செல்லாது. கம்பி மிகையாகச் சூடேறி விரைவில் பழுதாகும்.

அடுப்படியின் கணக்கு வேறு. கால்சியம் பருப்பின் செல்சுவர்களில் உள்ள பெக்டினோடு பிணைந்து அதை இறுக்குகிறது. ஆகவே துவரம்பருப்பும் கொள்ளும் வேக நேரமாகிறது. எரிவாயு கூடுதலாகச் செலவாகிறது. விரைவுக்காகச் சமையல் சோடா சேர்த்தால் பருப்பின் தயாமின் சத்து அழிகிறது. வெளுப்பு மங்கிய பள்ளிச் சீருடையை இரண்டாம் முறை அலசுவதும், பாத்திரத்தின் வெண்படிவைப் புளியிட்டுத் தேய்ப்பதும், கேன் சுமப்பதும் பெரும்பாலும் பெண்களின் வேலை. இவ்வுழைப்பு எந்த நீர்த்தரக் குறியீட்டிலும் ஒரு மாறியாகச் சேர்க்கப்படவில்லை.

கடின நீர் உடலுக்குத் தீங்கன்று என்று மறுப்பாளர் கூறுவர். அது உண்மை. உலக சுகாதார நிறுவனம் கடினத்தன்மைக்கு உடல்நலம் சார்ந்த வழிகாட்டு வரம்பு எதையும் நிர்ணயிக்கவில்லை. கால்சியமும் மக்னீசியமும் உடலுக்குத் தேவையானவையே. சிறுநீரகக் கல், முடி உதிர்தல் ஆகிய அனைத்தையும் குழாய்நீரின் மேல் சுமத்துவது அறிவியலாகாது. ஆனால் கொல்லாத ஒன்று குறையே அன்று என்பது எவ்வகை வாதம்? குடிநீர்க் குழாய் நஞ்சற்ற திரவத்தை வழங்கும் கருவி மட்டும் அன்று. துவைத்தலும் சமைத்தலும் அதன் பயன்களே. அவற்றில் அந்நீர் தவறினால், அதன் விலையைக் குடும்பம் செலுத்துகிறது.

தங்கவயலில் 'மாற்று இல்லை' என்ற வாதம் வரலாற்றின் முன் தலைகுனிய வேண்டும். பாலாற்றின் மீதுள்ள பேத்தமங்கலம் ஏரியிலிருந்து சுரங்கத்திற்கும் அதன் குடியிருப்புகளுக்கும் நீர் கொண்டுவரப்பட்டது. தங்கம் எடுக்க வேண்டியிருந்த காலத்தில் மேற்பரப்பு நீருக்கு வழி பிறந்தது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் தொழிலாளர் குடும்பங்களுக்கு மிஞ்சியது பெரும்பாலும் ஆழ்துளைக் கிணறும் டேங்கர் லாரியும்தான். வற்றாத ஆறு இல்லாத மாவட்டத்தில் கிணறுகள் ஆழமாகும்தோறும், பாறையில் நெடுங்காலம் தங்கிக் கனிமம் கரைந்த நீரே மேலே வருகிறது.

இதற்குச் சந்தை அளிக்கும் விடை ஆர்.ஓ. கருவி. அது குடிக்கும் சில லிட்டரை மட்டுமே காக்கும். துவைக்கும் வாளியை அண்டாது. வீட்டுக் கருவிகள் உள்வாங்கும் நீரில் பெரும்பங்கைக் கழிவாக வெளியேற்றுகின்றன. நீர் அரிதான ஊரில் இது தீர்வெனப்படுவது விந்தை. படிகாரமும் இதற்கு உதவாது. அது கலங்கலைத் தெளிவிக்கும், கடினத்தைப் போக்காது.

பொது விநியோகத்திலேயே செய்யத்தக்கவை உள்ளன. 600 அளவுள்ள கிணற்றுநீரோடு 100 அளவுள்ள ஏரிநீரைச் சரிபாதி கலந்தால் கிடைப்பது 350. சுண்ணாம்பு–சோடா முறையில் நீரை மென்மையாக்குவது ஒரு நூற்றாண்டுக்கு மேல் அறியப்பட்ட பொறியியல். 2021 அக்டோபரில் தொடங்கிய அம்ருத் 2.0 திட்டம் எல்லா நகர வீடுகளுக்கும் குழாய் இணைப்பை இலக்காக்கியது. இணைப்பின் எண்ணிக்கையோடு வார்டு வாரியான கடினத்தன்மையும் வெளியிடப்படுவது அரிய செயலன்று.

ஆய்வுலகின் பொறுப்பு இதனினும் எளியது. 200-ஐத் தாண்டிய நீரை 'அனுமதிக்கத்தக்கது' என்று எழுதும் ஒவ்வொரு கட்டுரையும், மாற்று நீராதாரம் இல்லை என்பதற்கான சான்றையும் உடன் தர வேண்டும். சான்று இல்லையேல் அச்சொல்லைக் கைவிட்டு, 'ஏற்கத்தக்கதன்று' என்று எழுத வேண்டும். தங்கவயலின் வீடுகள் அதை வெகுகாலமாக 'உப்புத் தண்ணீர்' என்றே சொல்லி வருகின்றன.