கோடு வந்தது, வாக்குப்பெட்டி எங்கே?

கோவளம் 2019 நவம்பர் 28 வரை காஞ்சிபுர மாவட்டத்தில் இருந்தது. மறுநாள் செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்தது. ஊர் ஓரடியும் நகரவில்லை. வலை உலர்த்தும் மணலும் அதே மணல்தான். ஆட்சியர் அலுவலகம் அருகில் வந்ததை எவரும் குறை கூறார். ஆயினும் அந்தக் கோட்டிற்கு ஊரார் கொடுத்த விலை பெரிது.

உள்ளாட்சி மன்றங்களின் காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அவ்வாண்டுத் தேர்தலை உயர்வழக்குமன்றம் நீக்கிற்று. 2019 திசம்பரில் 27 மாவட்டச் சிற்றூர்கள் வாக்களித்தபோது, பிரிவினைக்கு உள்ளான 9 மாவட்டங்கள் தொகுதி வரையறை முடியவில்லையென்று விலக்கப்பட்டன. செங்கற்பட்டு அவற்றுள் ஒன்று. 2021 அக்டோபரில்தான் அங்கு வாக்குப்பெட்டி வந்தது. ஐந்தாண்டு! ஒரு மன்றத்தின் முழு வாழ்நாள் தனி அலுவலர் கையில் கழிந்தது. மகுடை நோய் பரவிய 2020இலும் ஊரார் தேர்ந்த தலைவர் இல்லை. கோவளத்துக் கடற்கரைக்கு உலகச் சான்றான நீலக்கொடி 2021 செபுதம்பரில் கிடைத்துவிட்டது; கொடிக்குப் பின்னரே குடிகளுக்கு வாக்கு!

காலம் முடியுமுன் தேர்தல் நடத்தவேண்டும் என்பது 1992ஆம் ஆண்டின் 73ஆம் திருத்தம். எல்லை மாற்றம் அதற்குத் தடையாக வேண்டியதில்லை. ஆங்கில நாட்டில் கம்பிரியா மாவட்ட மன்றமும் அதன் கீழ் இருந்த 6 வட்டார மன்றங்களும் 2023 ஏப்பிரல் 1 அன்று நீங்கி, இரண்டு மன்றங்கள் ஆயின. அங்கும் தேர்தல் ஓராண்டு தள்ளிப்போனது உண்மையே. எனினும் புதிய மன்றங்களுக்கு 2022 மே திங்களிலேயே வாக்களிப்பு முடிந்தது. பழைய மன்றம் விலகிய நாளில் புதியது ஆயத்தமாய் நின்றது. நம்மை ஆண்ட வெள்ளையனிடம் கற்கவேண்டியவை சிலவே. இது அவற்றுள் ஒன்று.

ஊராட்சிக்கு உத்தரமேரூர்க் கல்வெட்டைக் காட்டி மார்தட்டுவோர் பலர். அக்குடவோலை பார்ப்பனச் சவையினது. உழுகுடிகள் கூடிய அவைக்கு 'ஊர்' என்றே பெயர். அந்த 'ஊர்'தான் இன்று கரைகிறது. 2021இல் 5 நகராட்சிகளும் 5 பேரூராட்சிகளும் இணைந்து தாம்பரம் மாநகராட்சியாகி, 70 வட்டங்களில் அடங்கின. அவை முன்பே நகரங்கள். சிற்றூராட்சி இணைந்தாலோ, ஊர் முழுதும் கூடிக் கணக்குக் கேட்கும் ஊரவையும் ஊரக வேலைத்திட்டமும் போய்விடும், வரியும் ஏறும். 2025 தொடக்கத்தில் தமிழ்நாட்டரசு பல சிற்றூராட்சிகளை நகரங்களோடு இணைக்க முற்பட்டபோது மக்கள் தெருவில் இறங்கியதன் காரணம் இதுவே.

இணைப்பானாலும் பிரிப்பானாலும் ஊரவையின் ஒப்புதல் முன்னே வரல்வேண்டும். தேர்தல் நாளைக் குறித்துவிட்டே எல்லைக்கோட்டை வரைதல்வேண்டும். இவ்விரண்டையும் அரசு சட்டமாக்கட்டும்.