பட்டு நூலும் ட்ரோன் மோட்டாரும்

பிள்ளையார்பாளையத் தறிகளில் ஏறும் பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகத்தில் விளைந்தது. சரிகை சூரத்திலிருந்து வருகிறது. ஆயினும் சேலை காஞ்சிபுரத்துடையது, ஏனெனில் அதற்கு விலை சேர்க்கும் கைத்திறன் இங்கே இருக்கிறது. ட்ரோன் தொழிலில் நம்முடையது என்று எதைச் சொல்வது?

வெளிநாடுகளில் முழுமையாகத் தயாரான ட்ரோன்களின் இறக்குமதிக்குச் சில விலக்குகளுடன் 2022 பிப்ரவரியில் மத்திய அரசு தடை விதித்தது. உதிரிபாகங்களுக்குத் தடையில்லை. விளைவாக, மோட்டார், மின்கலம் போன்றவற்றுக்குச் சீனாவை நம்பிக்கொண்டு, பொருத்தும் வேலையையே பெரிதும் உற்பத்தி என்று அழைக்கிறோம்.

அறிவுக்குப் பஞ்சமில்லை. குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தின் ‘தக்ஷா’ மாணவர் குழு 2018இல் ஆஸ்திரேலியாவில் நடந்த மருத்துவ ட்ரோன் போட்டியில் இரண்டாமிடம் பெற்றது. (நடிகர் அஜித்குமார் அதன் ஆலோசகர் என்பதே அதிகம் பேசப்பட்டது.) எங்கள் மாவட்டத்து வல்லம் வடகாலில் ரூ.45 கோடியில் ட்ரோன் சோதனை மையம் அமைக்கவும் திட்டமிடப்பட்டது. சோதனைக்கூடம் அவசியம்தான்; ஆனால், அது மோட்டார் செய்து தராது.

மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு வேளாண் ட்ரோன் வழங்க 2023இல் ஒப்புதலான திட்டம், விலையில் 80 விழுக்காட்டை, அதிகபட்சம் ரூ.8 லட்சத்தை, மானியமாகத் தருகிறது. வரிப்பணத்தில் உருவாகும் இந்தச் சந்தையே அரசின் கையிலுள்ள வலுவான கருவி. உள்நாட்டு உதிரிபாகங்களின் பங்கு கூடக்கூட மானியமும் கூடுமாறு விதியை மாற்றினால், ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றியுள்ள சிறு பட்டறைகள் மோட்டார் சுற்றத் தொடங்கும்.