சீப்பா இருக்காம்!

நவரைக்கு நாத்து விட்டாச்சு. ஒரு வாரம் கை சும்மாதான். போன ஞாயித்துக்கிழமை தங்கச்சி மகன் போன் பண்ணி, "மாமா, ராயபுரம் பக்கம் சாப்பாட்டு வீடியோ எடுக்கப் போறேன், வாங்க"ன்னான். பொன்னேரியில ரயில் ஏறிட்டேன்.

முதல்ல ஒரு பழைய பேக்கரி. அடுப்புல இருந்து எறக்கின பன்னை நடுவுல கீறி வெண்ணெய், ஜாம் தடவிக் கொடுத்தாங்க. வாயில வச்சதும் கரைஞ்சுது. இவன் போனைப் பார்த்து, "நம்பவே முடியல மக்களே, செம சீப்பு!"ன்னான். அப்புறம் பீச் ஸ்டேஷன் எதிர்ல அத்தோ கடை. அங்கயும் "செம சீப்பு!" காசிமேட்டுல வறுத்த எறா. அதுக்கும் அதே பாட்டுதான்.

சாயந்திரம் அவன் இருக்கிற ஓஎம்ஆர் பக்கம் ஒரு கேக் கடைக்குக் கூட்டிட்டுப் போனான். ஒரு துண்டு கேக் முந்நூறு ரூபாய், வரி தனி. அங்க விலையைப் பத்தி மூச்சே விடல. "வொர்த் மாமா"ன்னான். அப்பதான் எனக்குச் சுருக்குன்னுது.

அத்தோவை எடுத்துக்குங்க. 1962ல பர்மாவுல ராணுவ ஆட்சி வந்துச்சு. 1964ல கடைகளை அரசாங்கமே எடுத்துக்கிச்சு, 50, 100 கியாட் நோட்டு செல்லாதுன்னும் சொல்லிட்டாங்க. தலைமுறையா அங்க பொழச்ச நம்ம ஜனங்க கப்பலேறி மெட்ராஸ்ல வந்து எறங்குனாங்க. வியாசர்பாடியிலயும் எண்ணூர்லயும் குடியேறுனாங்க. சம்பாதிச்சதை அங்கயே விட்டுட்டு வந்தவங்க, கைப்பக்குவத்தை மட்டும் கொண்டாந்தாங்க. நூடுல்ஸ், கோஸ், வெங்காயம், நொறுக்கின தட்டை, புளித்தண்ணி, பூண்டு எண்ணெய், எல்லாத்தையும் கையாலயே பிசைஞ்சு தர்றாங்க. கூட வாழைத்தண்டு சூப்பு. அந்தத் தண்டை எங்க ஊர்ல என்ன விலைக்குக் கேக்குறாங்கன்னு எனக்குத் தெரியும். வெட்டுற கூலிகூட தேறாது.

"நாங்க வீடியோ போட்டாதான் அவங்களுக்கு வியாபாரம் மாமா"ன்றான். கூட்டம் வருது, இல்லைன்னு சொல்லல. ஆனா கடைக்காரர் தட்டுக்குப் பத்து ரூபாய் ஏத்தட்டும், "முன்ன மாதிரி இல்ல, பேராசை வந்துடுச்சு"ன்னு கீழ எழுதுறதும் இதே கூட்டம்தான். நெல்லுக்கு அம்பது ரூபாய் கூடக் கேட்டா எங்களைப் பார்க்கிறாங்களே, அதே பார்வை.

எறா கதை இன்னும் மோசம். அத்திப்பட்டு புதுநகருக்கும் எண்ணூருக்கும் நடுவுல ரயில் பாலம் வருமே, அங்க கொசஸ்தலை ஆத்தைப் பாருங்க. இருளர் பொம்பளைங்க இடுப்பளவு தண்ணில நின்னு, பறியைப் பல்லால கடிச்சுக்கிட்டு, கையால தடவி எறா பிடிப்பாங்க. காலடியில சேறா, அனல்மின் நிலையத்துச் சாம்பலான்னு பிரிக்க முடியாது. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட மணலி பக்கமிருந்து எண்ணெய் வந்து கழிமுகம் பூரா படிஞ்சுது. மீனவங்க மக்குலயும் வாளியிலயும் மொண்டாங்க. படகு, வலை எல்லாம் கருப்பு. அதே மாசம் 26ஆம் தேதி ராத்திரி பெரியகுப்பத்துல கடலுக்குள்ள போற குழாய்ல அமோனியா கசிஞ்சு, ஜனங்க பிள்ளைங்களைத் தூக்கிக்கிட்டு ஓடுனாங்க.

அப்ப எந்தச் சாப்பாட்டுக்காரன் எண்ணூர் பக்கம் வந்தான்? எறா திங்க மட்டும் வடசென்னை வேணும். இதுக்குப் பேரு சீப்பா? நீ கொடுக்காத பாக்கியை அந்தப் பொம்பளை தன் தோலாலயும் நெஞ்சாலயும் கொடுத்துக்கிட்டிருக்கா, அவ்வளவுதான்.

திங்க வேணாம்னு சொல்ல வரல. நானே ரெண்டு பேஜோ முட்டை கூட வாங்கித் தின்னேன், அருமையா இருந்துச்சு. வீடியோவுல அந்த ஆத்தைப் பத்தி ஒரு வார்த்தை சேருடான்னுதான் கேட்டேன். "அதெல்லாம் போட்டா பார்க்கிறவன் மூடு போயிடும் மாமா"ன்னுட்டான்.

அடுத்த ஞாயிறு மறுபடி எறா எடுக்க வர்றானாம். காசிமேடு வேணாம், காலையில அத்திப்பட்டு புதுநகர்ல எறங்கு, நான் அங்க நிக்கிறேன்னு சொல்லியிருக்கேன். மாத்துத் துணி கொண்டு வரச் சொன்னேன். எதுக்குன்னு கேட்டான். ஆத்துல எறங்கணும்டான்னேன்.